ஒன்பதாவது படிக்கு ஒரு விளக்கு

ஆவடிப் பக்கத்தில், ரயில் பாதைக்கு அடியில், ஆட்கள் நடந்து போவதற்கென்று ஒரு சுரங்கம் இருக்கிறது. எந்த இடம் என்று தேடிக்கொண்டு வராதீர்கள், வந்தால் விழுவீர்கள். அரசாங்கப் பலகையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. நாங்கள் பொந்து என்போம். இறங்க இருபத்திரண்டு படி, அந்தப் பக்கம் ஏற இருபத்திரண்டு படி. மழை உள்ளே வரக் கூடாதென்று படிகளுக்கு மேல் கூரை போட்டிருக்கிறார்கள். மழை வருகிறது, வெளிச்சம்தான் வருவதில்லை. உச்சி வெயிலிலும் உள்ளே கும்மிருட்டு.

இந்தப் பக்கத்திலிருந்து இறங்கும்போது ஒன்பதாவது படி பாதி உடைந்தது. எப்போது உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் ஊரில் எல்லோரும் எண்ணிக்கொண்டேதான் இறங்குவோம். போனில் சண்டை போட்டுக்கொண்டு வருகிறவன்கூட ஆறாவது படியில் "இரு" என்று சொல்லிவிட்டு, ஏழு, எட்டு எண்ணி, ஒன்பதைத் தாண்டிப் பத்தில் கால் வைத்த பிறகுதான் மீதித் திட்டைத் திட்டுவான். வெளியூரிலிருந்து கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு மாமியார் சொல்லித்தரும் முதல் விஷயம் இந்தக் கணக்குதான்.

கண்ணம்மா ஒரே ஒரு நாள் எண்ணாமல் இறங்கிவிட்டாள். பொந்துக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் அவள் சமையல்காரி. இரண்டு கையிலும் தூக்குவாளி. ஐந்தாவது படியில் எதிரே வந்த யாரோ "இன்னாக்கா, சௌக்கியமா?" என்று கேட்டார்கள். பதில் சொன்னாள். கணக்கு விட்டுப்போனது. கணுக்கால் எலும்பு இரண்டாக முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள்.

நாலு மாதத்தில் கால் கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். காலுக்குத்தான் அது தெரியவில்லை. படி முனைக்கு வந்து நின்றாலே கால் கீழே இறங்க மறுக்கும். சுற்றிப் போகலாமென்றால் முதல் பஸ் ஆறரைக்கு. விடுதியில் ஆறு மணிக்கு இட்லி வெந்திருக்க வேண்டும். வார்டனம்மா நல்ல மனுஷி. தை பிறக்கும் வரை இடத்தை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று சொல்லியிருந்தாள். வீட்டில் உட்கார்ந்திருப்பது கண்ணம்மாவுக்கு ஜெயில் மாதிரி இருந்தது.

"ஒரே ஒரு லைட்டு எரியட்டும்யா. அந்தப் படியக் கண்ணால பாத்துகினு எறங்கிடுவேன்" என்றாள் புருஷனிடம்.

புருஷன் தசரதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் முப்பது வருஷம் வாட்ச்மேனாக நின்று ஓய்வு பெற்றவர். வருகிறவர் பெயர், நேரம், கையெழுத்து. காகிதத்தில் எழுதினால் காரியம் நடக்கும் என்று நம்புகிற மனிதர். அது அவருடைய ஒரே கெட்ட பழக்கம். "ஐயா, பொந்தில் ஒன்பதாவது படிக்கு மேல் ஒரு டியூப் லைட் போட்டுத் தரவும்" என்று ஒரு வரி எழுதி, கீழே நேரத்தையும் போட்டு, மாநகராட்சி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அது வரும் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று, பொந்து வாசலில் டீக்கடை வைத்திருக்கும் யூசுப் தன் கடையிலிருந்து ஒயர் இழுத்து ஒரு ஒன்பது வாட் பல்பைத் தொங்கவிட்டார். ஊரே போய் ஒன்பதாவது படியை முதல் முறையாகக் கண்ணால் பார்த்தது. "இத்தினியூண்டுதானா?" என்று சிலருக்கு ஏமாற்றம்கூட. கண்ணம்மா தினம் சாயங்காலம் தசரதன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தாள். முதல் வாரம் இரண்டு படி. மூன்றாவது வாரம் ஐந்து. இப்படியே விட்டிருந்தால் ஆடி முடிவதற்குள் அவள் வேலைக்குப் போயிருப்பாள், நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் மனு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

டியூப் லைட் மாட்டுகிற பிரிவு கலைக்கப்பட்டு ஆறு மாதமாகிவிட்டதாம். அதற்குப் பதிலாக 'நகர்ப்புற ஒளியனுபவ மேம்பாட்டு முகமை' என்று ஒன்று வந்திருக்கிறது. மூன்றாவது மாடி. மாடிப்படியில் விளக்கு இல்லை. தசரதன் பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டே ஏறினார். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். தாங்கள் குறிப்பிடும் இருள் எத்தனை ஆண்டுகளாக உள்ளது? இருளின் தன்மை மிதமானதா, அடர்த்தியானதா, பாரம்பரியமானதா? தங்களுக்கும் இருளுக்கும் உள்ள உறவு என்ன? மூன்றாவது கேள்வியில் தசரதன் வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, "உறவு இல்லை. பக்கத்து வீடு" என்று எழுதினார்.

பத்தாம் நாள் முகமையின் இயக்குநர் சண்முகசுந்தரமே வேனில் வந்து இறங்கினார். கூடவே ஜெகன் என்று ஒரு அளவையாளர், வெளிச்சத்தை அளக்கும் சின்னப் பெட்டியோடு. இருள் தகுதி ஆய்வு. ஒரு இடத்துக்குத் திட்டம் போட வேண்டுமென்றால் முதலில் அது போதிய அளவு இருட்டாக இருக்கிறதென்று சான்று வேண்டும். பெட்டியில் முள் இரண்டைத் தாண்டக் கூடாது.

"சார், நாப்பது காட்டுது" என்றான் ஜெகன்.

சண்முகசுந்தரம் அண்ணாந்து பார்த்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, தெரியாமல் எதையோ திருடிவிட்டோமோ என்று எங்களுக்கே சந்தேகம் வந்தது.

"யாரு இதைப் போட்டது?"

"நாந்தான் சார். நம்ம கடை கரெண்டு" என்றார் யூசுப்.

"இருட்டான இடம்னு எழுதி மேல ஃபைல் அனுப்பியிருக்கேன். இங்க வந்து பார்த்தா வெளிச்சமா இருக்கு. என்னைப் பொய்யன் ஆக்கறதுக்குன்னே கிளம்பியிருக்கீங்களா?"

தசரதன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "சார், மனு குடுத்தது நாந்தான். எனக்கு லைட்டுதான வோணும்? அது கீது சார். இத்தயே வுட்டுடுங்க, போதும்."

"பெரியவரே, பொதுமக்கள் அவங்கவங்க இஷ்டத்துக்கு வெளிச்சம் போட்டுக்கிட்டா முகமை எதுக்கு? நான் எதுக்கு?"

நியாயமான கேள்வி. பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் தைரியமில்லை.

பல்பைக் கழற்றி ஒரு உறையில் போட்டு, அங்கீகாரமற்ற வெளிச்சம் என்று மேலே எழுதி, அரக்கு வைத்தார்கள். சாட்சி என்று தசரதனையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் பெயரெழுதி, காலை 11.10 என்று நேரமும் போட்டார். பிறகு ஜெகன் மறுபடி அளந்தான். முள் ஒன்றில் நின்றது. முகமை ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு தரமான இருட்டு கிடைத்ததில்லை என்று சொல்லி ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் கண்ணம்மா ஆறாவது படிக்குப் போவதாக இருந்தது. வாசல் வரை வந்து, மேலே வெறும் ஒயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆவணியில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கல்யாண மண்டபத்தில் ஏசி போட்டு, ஆளுக்கு ஒரு சமோசாவும் நாலு மஞ்சள் சீட்டும் கொடுத்தார்கள். பெங்களூரிலிருந்து ஒளி வடிவமைப்பாளர் திவ்யா வந்திருந்தாள். சின்னப் பெண், நல்ல பெண்தான், யாரையும் ஏமாற்ற வந்தவள் இல்லை. அதுதான் பிரச்சினை.

"வெளிச்சம்ங்கிறது தரையில விழற விஷயம் இல்லை. மனசுல விழற விஷயம்" என்று ஆரம்பித்தாள். "அந்த இடத்துல நீங்க என்ன உணரணும்னு ஆசைப்படறீங்களோ அதைச் சீட்டுல எழுதுங்க."

முப்பத்தொரு பேர் லைட்டு என்று எழுதினார்கள். திவ்யா அந்தச் சீட்டுகளைத் தனியாக ஒதுக்கி வைத்தாள். "இது தீர்வு. நான் கேட்டது உணர்வு" என்றாள், கோபமே இல்லாமல். தசரதன் சீட்டில் ஒன்பதாவது படி என்று இருந்தது. அது என்னவென்று கேட்டதும், அவர் எழுந்து நின்று, படி உடைந்தது, தூக்கு உருண்டது, எலும்பு முறிந்தது, தகடு வைத்தது, வார்டனம்மா வைத்த கெடு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். திவ்யாவின் கண் நிஜமாகவே கலங்கியது.

"சார், நம்ம கதை கிடைச்சிடுச்சு" என்றாள் சண்முகசுந்தரத்திடம். திட்டத்துக்கு அங்கேயே 'ஒன்பதாவது படி' என்று பெயர் வைத்து, கைதட்டினார்கள்.

தசரதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்ப அத்த சரி பண்ணிடுவீங்களாம்மா? ஒரு சட்டி சிமெண்டு போதும்."

"ஐயோ அங்கிள்! அதுதான் இந்த புராஜெக்டோட ஆன்மா. அதைத் தொடவே கூடாது."

அடுத்த வாரமே படிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பலகை முளைத்தது. 'பாதுகாக்கப்பட்ட படி. செப்பனிடுவது தண்டனைக்குரியது.' இருட்டில் அதை யாரும் படிக்க முடியாது. யூசுப் தினத்தந்தியைச் சுருட்டிக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் படித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொன்னார்.

புரட்டாசியிலிருந்து வேலை நடந்தது. சுவரெல்லாம் நீலம், ஊதா. மேலே வளைவு முழுக்க விளக்கொளியாலேயே அயனம்பாக்கம் ஏரி, அதில் கொக்குக் கூட்டம். ஒரு கொக்கு சிறகை விரித்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பறக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அழகாகத்தான் இருந்தது. தரையில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. தரையில் வெளிச்சம் விழுந்தால் ஏரி மங்கிவிடுமாம். படிகளுக்கு 'இருளிலிருந்து அனுபவத்துக்குச் செல்லும் மாறுநிலைப் பகுதி' என்று பெயர். அதனால் அங்கே இருள் அவசியம்.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. முன்பெல்லாம் குனிந்த தலை நிமிராமல் எண்ணிக்கொண்டு இறங்குவோம். இப்போது ஆறாவது படியிலேயே கீழிருந்து நீலம் தெரியும். ஏழில் கொக்கு தெரியும். எட்டில் வாயைப் பிளப்போம். ஒன்பதில் விழுவோம். சோதனை ஓட்டத்தின்போதே நாலு பேருக்கு அடி. நான் அதில் மூன்றாவது ஆள். இன்னும் மழை நாளில் முழங்கை வலிக்கிறது.

போனில் டார்ச் அடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தோம். மறுநாள் வாசலில் இன்னொரு பலகை. 'கைபேசி விளக்கைப் பயன்படுத்தாதீர். கொக்குகள் மங்கும்.' ஒரு காவலாளியையும் போட்டார்கள். டார்ச் அடித்தால் விசில் ஊதுவான். இந்தக் கொக்கெல்லாம் எரிவது சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டரை வரைதான். மற்ற நேரத்தில் பழைய பொந்து, பழைய இருட்டு. விசில் மட்டும் புதுசு.

தசரதன் மூன்றாவது மாடிக்கு நடையாய் நடந்தார். "சார், என் சம்சாரம் விடியக்காலைல போவணும். அப்ப கொக்கு இல்லியே சார்."

"விடியக்காலைல பார்வையாளர்கள் வர மாட்டாங்க பெரியவரே" என்றார் சண்முகசுந்தரம்.

"பாக்க வர்ல சார். வேலைக்குப் போவணும்."

"பயன்பாட்டாளர்கள்" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார் இயக்குநர். "அது அடுத்த கட்டம்."

திறப்பு விழாவைக் கார்த்திகை தீபத்தன்று வைத்தார்கள். பொருத்தமான நாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பொந்துக்கு மேலே பந்தல், நாற்காலி, பெரிய திரை. சிறப்பு விருந்தினர்கள் யாரும் கீழே இறங்கவில்லை. உள்ளே இருப்பதைத் திரையில் பார்த்தார்கள். விருதுக்கு அனுப்புவதற்காகப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரரையும் துணைக்கு ஜெகனையும் மட்டும் உள்ளே அனுப்பியிருந்தார்கள். சண்முகசுந்தரம் மைக்கைப் பிடித்தார்.

"இந்த இடம் முன்னாடியும் இருட்டாத்தான் இருந்தது. நான் மறுக்கலை. ஆனா அது திட்டமிடாத இருட்டு, கேட்பாரில்லாத இருட்டு. இன்னைக்கு நீங்க பார்க்கிற இருட்டு அப்படி இல்லை. இது நிபுணர்கள் வடிவமைச்ச இருட்டு. ஒவ்வொரு அடி இருட்டுக்கும் எங்ககிட்ட வரைபடம் இருக்கு. ஒரு சாதாரணக் குடிமகன் ஒரு டியூப் லைட் கேட்டார். டியூப் லைட் யார் வேணும்னாலும் போடலாம். யார் வேணும்னாலும் செய்யக்கூடியதைச் செய்யறதுக்கா அரசாங்கம் எங்களை நியமிச்சிருக்கு?"

பலத்த கைதட்டல். தசரதனை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டார்கள்.

அதே நேரத்தில் கீழே வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. தெருப்பெண்கள் வருஷா வருஷம் செய்வதுபோல் வீட்டு வாசலில் அகல் ஏற்றிவிட்டு, மீந்ததைப் பொந்துப் படிகளில் வைத்தார்கள். படிக்கு இரண்டு. விசில்காரன் மேலே பேச்சுக் கேட்கப் போயிருந்தான். இருபத்திரண்டு படியும் பளிச்சென்று தெரிந்தது. கூட்டத்தில் நின்ற கண்ணம்மா பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. யூசுப் கடையிலிருந்து ஓடிவந்து பின்னாலேயே நின்றார். ஐந்து, ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதாவது படியின் உடைந்த பக்கத்தில் அகல் எரிய, நல்ல பக்கத்தைப் பார்த்துக் காலைத் தூக்கினாள்.

கீழேயிருந்து ஜெகன் கத்திக்கொண்டு வந்தான். "யாரு விளக்கு வச்சது? மஞ்சள் அடிக்குது! படத்துல கொக்கு விழவே மாட்டேங்குது!" புகைப்படக்காரரும் அவனுமாக, இருபத்திரண்டாவது படியிலிருந்து ஒவ்வொன்றாக ஊதி அணைத்துக்கொண்டே மேலே வந்தார்கள்.

"யம்மாடி, நில்லுக்கா, நில்லு!" என்றார் யூசுப். ஒன்பதாவது படி அகல் அணைந்தது. கண்ணம்மா ஒரு காலைத் தூக்கியபடி இருட்டில் நின்றாள். சால்வையோடு தசரதன் ஓடிவந்து அவளை இடுப்போடு பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் அழவில்லை. "இன்னும் ஒண்ணுதான்யா இருந்திச்சி" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அந்த மேடையைக் கொளுத்த வேண்டும் போல் இருந்தது.

புகைப்படக்காரர் விளக்கை அணைத்த சந்தோஷத்தில், படம் எடுக்க ஒரு அடி பின்னால் வைத்தார். வைத்தது ஒன்பதாவது படியில். கேமராவும் அவரும் பதிமூன்று படி உருண்டு ஏரிக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

நாங்கள் விழுந்தபோது நகராத காகிதம், புகைப்படக்காரர் விழுந்ததும் ஓடியது. முகமை அவசரமாகக் கூடியது. படியைப் பூசலாமா? அது ஆன்மா. விளக்குப் போடலாமா? கொக்கு மங்கும். டார்ச்சை அனுமதிக்கலாமா? பலகை ஏற்கனவே அடித்தாகிவிட்டது. நாலு மணி நேரம் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒன்பதாவது படிக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துவது. பதவியின் பெயர், அனுபவ வழிகாட்டி. தகுதி, அந்தப் படியோடு தனிப்பட்ட உறவு. அப்படி ஒருவர்தான் இருந்தார். அவருக்கு வாட்ச்மேன் அனுபவமும் இருந்தது.

தசரதனுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டுக் கொடுத்தார்கள். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காத துணியாம். சொல்ல வேண்டிய வசனமும் எழுதிக் கொடுத்தார்கள். "வணக்கம். தாங்கள் ஒன்பதாவது படியை நெருங்குகிறீர்கள். கவனமாக அனுபவிக்கவும்." பணி நேரம் விடியற்காலை நாலரை முதல்; பயன்பாட்டாளர்களுக்கான அடுத்த கட்டம் இதுதானாம். டார்ச் வைத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கே அவர் போனுக்கு ஒரு செய்தியும் வந்தது. விளக்குக் கோரிய தங்கள் மனு முழுமையாக நிறைவேற்றப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?

தை பிறந்தது. கெடு முடிகிற நாள், விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்ணம்மா படி முனையில் வந்து நின்றாள். ஒரு கையில் தடி, ஒரு கையில் தூக்கு. தசரதன் வேலையில் சேர்ந்து இரண்டு வாரமாகியிருந்தது. என்ன வேலை என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எஸ்டேட் பக்கம் வாட்ச்மேன் வேலைதான், லைட்டுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு, நீ தைரியமா வா என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் யூசுப் கடையில் டீக்குக் காத்திருந்தேன்.

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். உள்ளே மை இருட்டு.

இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "வணக்கம். தாங்கள் ஒன்பதாவது..."

"யோவ்! நீ இன்னாயா இங்க?" என்றாள் கண்ணம்மா.

குரல் நின்றது.

"லைட்டு போட்டுட்டாங்கன்னியே. எங்கயா லைட்டு?"

மேலே தண்டவாளத்தில் ஒரு கரெண்டு ரயில் போனது. அது போன பிறகு தசரதன் சொன்னார்.

"நாந்தான்."

கண்ணம்மா சிரித்தாள். பொந்து முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்று என்று எண்ணி முதல் படியில் காலை வைத்தாள். எட்டு வரைக்கும் நாங்கள் காதால் கேட்டோம். எட்டில் நின்றாள்.

"கைய குடுய்யா."

"இந்தா, இப்டி, சுவரு பக்கம் வையி. ஆங்."

பத்து என்று அவள் குரல் கேட்டபோது யூசுப் டீ வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டார். அவள் உடனே போய்விடவில்லை.

"ஏன்யா, நீ ஒரு நாளு லீவு போட்டா?"

"அத்தத்தான் நானும் கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"மனு குடுக்கச் சொன்னாங்க" என்றார் தசரதன்.